சொந்த வார்த்தையில் ஒரு மனு

"என்னங் கண்ணு சொல்றாரு" என்று பாவாயியம்மா என் காதோரம் குனிந்து கேட்கிறார். "வாங்க வாங்கன்னு சொல்றாரும்மா" என்கிறேன். பொய்யில்லை. டீன் இன்னும் வரவேற்று முடிக்கவில்லை. புதிதாகச் சேர்ந்திருக்கிற மாணவர்களை, அவர்களைக் கொண்டுவந்து விட வந்த அப்பா அம்மாக்களை, மேடையில் உட்கார்ந்திருக்கிற ஓய்வுபெற்ற நீதிபதியை, பிறகு மறுபடியும் மாணவர்களை. இந்த அரங்கத்தில் ஏசியை இவ்வளவு குளிராக வைப்பது யார் என்று தெரியவில்லை, அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டுவிட்டார். கத்தரிப்பூ நிறப் புடவை, மடிப்பு இன்னும் போகவில்லை, காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொன்னார், "மேடைக்குன்னு எடுத்ததுங்க கண்ணு". மேடைக்கு. டீன் பேசி முடித்ததும் இவரை மேலே கூப்பிடுவார்கள், எங்கள் சட்டப் பள்ளியின் இலவச சட்ட உதவி மையத்தால் பயன்பெற்றவர் என்று. இவர் இரண்டு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் நின்று அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், ஏனென்றால் டீனுக்குத் தமிழ் தெரியாது, இங்கே படிக்கிறவர்களில் பாதிக்கு மேல் வடக்கேயிருந்து வந்தவர்கள், அவர்களுக்கும் தெரியாது. இவருடைய வழக்கு செத்துப்போய்விட்டது. அது இவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், மேடைக்குக் கீழே தூணோரம் நிற்கிற அமலோற்பவம் மேடத்துக்குத் தெரியும், அவர்தான் மையத்தின் பொறுப்பாசிரியர். நேற்று மதியத்திலிருந்து எங்கள் இருவருக்கும் தெரியும். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கிறேன், மூடுகிறேன், திறக்கிறேன்.

நேற்று மதியம் வக்கீல் அம்பலவாணன் சார் டவுனிலிருந்து போன் செய்தார். எங்கள் மனுக்களைக் கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்கிறவர் அவர், மாணவர்கள் அதைச் செய்ய முடியாது. "ஏம்மா நிறைமதி, இந்தப் பாவாயி மேட்டர்ல கெடு என்னைக்கும்மா" என்றார், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அவரே சொன்னார், "போன வாரமே தாண்டிருச்சும்மா. வேலைய விட்டு நிறுத்தினா தொழிலாளர் கோர்ட்டுக்குக் கெடுவுக்குள்ள போயிரணும். தாமதத்த மன்னிக்கறதுக்கு இதுல பிரிவே கிடையாது. கொண்டு போனா வாசல்லயே திருப்பிருவாங்க." மன்னிப்பு. முதல் வருடத்தில் அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனுவே போடலாம் என்று மேடம் சொன்னபோது சட்டத்துக்கு இப்படி ஒரு நல்ல குணமும் உண்டா என்று நினைத்தேன், எல்லாச் சட்டத்திலும் அது கிடையாது என்பதை நினைவில் வைத்துப் பரீட்சையிலும் எழுதினேன், அதற்கு மார்க்கும் வாங்கினேன். உயர்நீதிமன்றம் போகலாமா சார் என்று கேட்டேன். "எதை வெச்சும்மா போறது" என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் திட்டுக்குப் பதில் சொல்கிற வேலையாவது இருந்திருக்கும். மேடத்திடம் ஓடினேன், மேடம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு நிகழ்ச்சி முடியட்டும்மா. அப்புறமா பக்குவமா சொல்லிக்கலாம்" என்றார். பக்குவமாக. செத்ததைப் பக்குவமாகச் சொல்வது எப்படி என்று நான் ராத்திரி முழுக்க யோசித்ததாகச் சொன்னால் அது பொய், நான் தூங்கிவிட்டேன், அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

திரையில் பெரிய எழுத்தில் விழுமியங்கள் என்று ஆங்கிலத்தில் வருகிறது, கீழே ஒவ்வொன்றாக வந்து விழுகிறது, முதலில் நேர்மை. "இது என்னங்க" என்கிறார். "நேர்மைன்னு போட்டிருக்கும்மா." "அது வேணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டுத் திரையையே பார்க்கிறார். கண்ணில் கேலி இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். பைபாஸைத் தாண்டி இருக்கிற நூல் மில்லில் பல வருடம் வேலை பார்த்தவர். ராத்திரி ஷிஃப்டில் சின்னப் பெண்களைப் பாத்ரூமுக்கு விட மாட்டேன் என்கிறார்கள் என்று மேனேஜரிடம் போய்க் கேட்டார், கொஞ்ச நாளில் கேட்டில் பையைச் சோதித்தார்கள், சோற்று டப்பாவுக்கு அடியில் கை துடைக்க வைத்திருந்த கழிவுப் பஞ்சு இருந்தது. எல்லோர் பையிலும் இருக்கிற கழிவுப் பஞ்சு. நூல் திருடினாள் என்று பெயரை எழுதி மில் கேட்டில் ஒட்டினார்கள், விசாரணை கிடையாது, நாளையிலிருந்து வர வேண்டாம். அந்த நோட்டீஸ் மழையில் கரைந்து போகிறவரை அந்த வழியாகத்தான் கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் கழுவப் போனாராம். பக்கத்து மில்களில் வேலைக்குக் கேட்டால் பெயரைச் சொன்னதுமே தெரிந்துவிடுகிறது. ஊரில் மகளிர் குழுவுக்குத் தலைவியாக இருந்தவர், ஒரு நாள் கூட்டத்தில் யாரும் எதுவும் சொல்லாமல் இவர் உட்காருகிற இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள், இவர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். சட்ட உதவி முகாமுக்காக அவர் ஊருக்குப் போனபோது மற்றவர்கள் பட்டா, ரேஷன் கார்டு என்று கேட்டார்கள், இவர் மட்டும் என்னிடம், "வேல குடுக்காட்டியும் போகுதுங்க. நான் திருடலைன்னு ஒரு கோர்ட்டு சொன்னாப் போதும். சொல்லுமுங்களா" என்றார். சொல்லும்மா என்றேன். மூன்றாம் வருடம் முடித்திருந்த தைரியம். இப்போது திரையில் சமூக அக்கறை, அதற்குக் கீழே எளியோர்க்கும் நீதி.

கெடு முடிய அப்போது நாள் இருந்தது, போதுமான அளவு இருந்தது, நல்ல வக்கீல் குமாஸ்தா ஒருவர் சாயங்காலம் உட்கார்ந்தால் டீ ஆறுவதற்குள் அடித்து முடித்துவிடுகிற மனு. நானும் சீக்கிரமே எழுதிவிட்டேன். ஆனால் கல்லூரி முத்திரையோடு வெளியே போகிற எந்தத் தாளும் காப்பி அடித்ததா என்று பார்க்கிற அந்த சாஃப்ட்வேரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று ஒரு விதி உண்டு, ஆராய்ச்சி நெறிமுறை என்று பெயர், டீன் வந்ததும் கொண்டுவந்தது, கட்டுரைகளுக்காகக் கொண்டுவந்தது, மனுவுக்கும் சேர்த்தா என்று யாரும் கேட்கவில்லை, மனுவுக்கு இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. போட்டேன். பாதிக்கு மேல் காப்பி என்று சிவப்பாக வந்தது. மனுதாரர் மிகப் பணிவுடன் சமர்ப்பிப்பது என்று ஆரம்பிக்கிற வரி சிவப்பு. சட்டப் பிரிவு சிவப்பு. கடைசியில் நீதியின் நலன் கருதித் தக்க உத்தரவு பிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிற வரி சிவப்பு. அதெல்லாம் போகட்டும், எந்த விசாரணையும் இல்லாமல், விளக்கம் கேட்காமல், வாய்வார்த்தையாக வேலையை விட்டு நிறுத்தப்பட்டார் என்பதும் சிவப்பு. அவருக்கு நடந்ததே சிவப்பு. ஏற்கனவே எத்தனையோ பேருக்கு அப்படியே நடந்து, அவர்களுக்கு யாரோ அப்படியே எழுதிவிட்டார்கள். சிவப்பாகாமல் மிஞ்சியது பாவாயி என்ற பெயரும் ஊரும் கழிவுப் பஞ்சும்தான். சிரித்தேன். விடுதியில் பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் சிரித்தாள். மேடம் சிரிக்கவில்லை, அவர் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவர், வருஷா வருஷம் டீன் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம், "காப்பி இல்லைன்னு சான்றிதழ் இல்லாம வெளிய அனுப்ப முடியாதும்மா, உன் சொந்த வார்த்தைல மாத்தி எழுதிடு" என்றார். சொந்த வார்த்தையில். மனு என்பதே சொந்த வார்த்தையில் எழுதக் கூடாத ஒன்று என்று இதே மேடம்தான் வகுப்பில் சொன்னார், நீதிமன்றத்துக்குப் பழகின வார்த்தையில் கேட்டால்தான் அதற்குக் காது கேட்கும் என்று. அதை அவருக்கு நினைவுபடுத்தினேனா. இல்லை. ஏன் இல்லை என்று இப்போது யோசித்தால் மேடம் பாவம் என்று ஒரு பதில் வருகிறது, அது நல்ல பதில், நான் நல்லவள் என்று சொல்கிற பதில், அதனால் நம்ப முடியவில்லை.

உண்மையான பதில் அடுத்தது. மாற்றி எழுதச் சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தர்மபுரிப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்து, முதல் வருடம் முழுக்க வகுப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவளுக்கு, நீ உன் வார்த்தையில் ஆங்கிலம் எழுது என்று ஒருவர் சொல்வது என்ன என்று இங்கே பிறக்கும்போதே ஆங்கிலம் பேசினவர்களுக்குத் தெரியாது. எழுதினேன். பணிவுடன் என்பதை எடுத்தேன், மனுதாரர் பணிய மறுக்கிறார் என்று ஆரம்பித்தேன். மில் கேட்டையும் நோட்டீஸையும் மழையையும் கொண்டுவந்தேன். அடிக்குறிப்பு போட்டேன், பக்கத்தில் பாதி அடிக்குறிப்பு. சிவப்பு குறைந்தது, இன்னும் கொஞ்சம் இருந்தது, மறுபடி எழுதினேன், மறுபடி குறைந்தது, ஒவ்வொரு முறை குறையும்போதும் எனக்கு ஏதோ சரியாகிக்கொண்டு வருகிறது என்றே தோன்றியது, யாருக்குச் சரியாகிறது என்று தோன்றவில்லை. நடுவில் செமஸ்டர் பரீட்சை வந்தது, ஆராய்ச்சி இயக்குநர் ஊருக்குப் போனார், சான்றிதழ் அவர் மேஜையில் கிடந்தது. கெடு எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரியும் தெரியும் என்று ஒரு மூலையில் இருந்துகொண்டே இருந்தது, அடுப்பில் வைத்த பாலை நினைத்துக்கொண்டே பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டு நிற்கிற மாதிரி. கடைசியில் சான்றிதழோடு போன மனுவைப் படித்துவிட்டு அம்பலவாணன் சார் திருப்பி அனுப்பினார், "அருமையா எழுதிருக்கம்மா, ஆனா இது கோர்ட்டுல நம்பர் ஆகாது, பதிவு பண்ணாமயே திருப்பிருவாங்க, பழைய மாதிரி எழுதி அனுப்பு". பழைய மாதிரி என் லேப்டாப்பிலேயே இருந்தது. அதை அனுப்பிய பிறகுதான் அவர் தேதியைப் பார்த்தார். யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் விதியைப் பார்த்தார்கள், என்று ஒரு கட்டுரையே எழுதலாம். அய்யோ, நான் எழுதுவேன், அதுதான் பயம், எழுதி அதற்கும் சிவப்பு குறைவாக இருக்கும்.

ஆராய்ச்சி என்று டீன் சொல்கிறார். பாவாயியம்மா என் கையைத் தொடுகிறார், மொழிபெயர்க்கச் சொல்லி. "இங்க இருக்கறவங்க புதுசு புதுசா கண்டுபிடிச்சு எழுதறாங்களாம்மா." "என்னத்தங்க கண்டுபிடிக்கறது, கோர்ட்டுலதான் எல்லாம் எழுதி வெச்சிருப்பாங்களே." இந்த வருடம் நம் மாணவர்கள் எழுதிய கட்டுரைகள் என்று திரையில் வரிசையாக வருகிறது, என் கட்டுரை மேலிருந்து மூன்றாவதோ நான்காவதோ, வேலை நீக்கமும் அவமானமும் என்று பொருள்படுகிற தலைப்பு, மாற்றி எழுதின அந்த மனுவைத்தான் மேடம் கட்டுரையாக்கச் சொன்னார், நீதிமன்றத்துக்கு ஆகாத மனு பத்திரிகைக்கு அப்படியே ஆனது. அதில் இவர் பெயர் இல்லை, பி என்று ஒரு எழுத்து, அந்தரங்கம் காக்க. ஆராய்ச்சி நெறிமுறை. அடுத்து படம் வருகிறது, முகாமில் எடுத்தது, மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான், மேடம், நடுவில் இவர், நான் இவர் பக்கம் சாய்ந்து எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். "நம்மளுங்க கண்ணு" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். முன் வரிசையில் ஒரு அப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தமிழ்க்காரர். "கறுப்பா விழுந்துட்டேன்" என்கிறார் இவர், "நீங்க நல்லா விழுந்திருக்கீங்க". படத்தில் நான் உண்மையிலேயே நன்றாக இருக்கிறேன், அக்கறையாக இருக்கிறேன். அந்தப் பெண்ணை எனக்கே பிடித்திருக்கிறது. மேடம் தூணோரத்திலிருந்து என்னைப் பார்க்கிறார், இமையை மட்டும் ஒரு தரம் மூடித் திறக்கிறார், பொறு என்கிறார் அல்லது மன்னித்துவிடு என்கிறார், அல்லது கண்ணில் தூசி. நான் படத்தைப் பார்த்துக்கொண்டேன்.

வாய்ப்புகள். இங்கேதான் அப்பா அம்மாக்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். பெரிய நிறுவனங்கள், நீதிபதிகளிடம் பயிற்சி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர், முழுச் செலவும் அவர்களே. அந்த ஒரு செமஸ்டருக்குத்தான் இந்த வருடம் டீன் பரிந்துரைக்கப் போவது என்னை. மேடம் போன மாதம் சொன்னார், இன்னும் அறிவிக்கவில்லை, கையெழுத்து ஆகவில்லை. நான் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா பால் வண்டி ஓட்டுகிறவர், அந்த ஊர் பெயரை வாயில் வராமல் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, கடைசியில் "அந்த ஊருக்கு எம்பொண்ணு போறா" என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது நான் எழுந்து வழக்கு போடவில்லை என்று சொன்னால் என்ன ஆகும். டீன் நல்லவர், நல்லவராகத்தான் இருப்பார், உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லி மெதுவாகப் பேசுவார், மேடத்தின் ஒப்பந்தம் மெதுவாக முடியும், என் பெயருக்குப் பதில் வேறு பெயர் மெதுவாக வரும். சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. அதுதான். ஒன்றுமே ஆகாது. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம், நம் நாட்டில் நிலுவை என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, நான் படித்து முடித்துப் போய்விடுவேன், அடுத்த வருடம் வேறொரு மாணவி இவருடைய போனை எடுத்து இன்னும் தேதி வரவில்லைம்மா என்பாள். இவர் காத்திருப்பார். காத்திருப்பது இவருக்குப் பழக்கம். இதை நினைத்த மாத்திரத்தில் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தேன், தண்ணீரும் குளிர்.

"ஒண்ணு சொல்றேனுங்க" என்கிறார் பாவாயியம்மா, திரையைப் பார்த்தபடியே, இப்போது மொழிபெயர்ப்பு கேட்பதை விட்டுவிட்டார். "கேஸு போட்டாச்சுன்னு குழுவுல சொன்னேனுங்க. காலேஜுல போட்டிருக்காங்க, சும்மா இல்லைன்னு. போன கூட்டத்துல எம்மெடத்துல ஒக்காந்திருந்தவளே எந்திரிச்சு எடத்தக் குடுத்துட்டாளுங்க. நீயே இரு பாவாயின்னா. நான் வேண்டாம்னேன், கேக்கல." சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்கிறார், ஏசி குளிர் என்று நான் நினைத்துக்கொள்ளலாம். "எம்மாதிரியே மில்லு வெளிய அனுப்பினது இன்னும் இருக்குதுங்க. செல்லப்பொண்ணு, அப்பறம் அந்த வாத்தியார் ஊட்டுத் தெருப் புள்ள. கெடுவு கிடுவுன்னு ஏதோ இருக்குதாமா, வக்கீலுக்குக் காசு ஆரும்மா குடுக்கறதுன்னு ஒக்காந்திருந்தாளுங்க. நாந்தான் சொன்னேன், டவுனு வக்கீலெல்லாம் வேண்டாம், இங்கயே குடுங்க, இந்தப் புள்ள பாத்துக்கும்னு. வர்ற வாரம் கூட்டியாறேன்." இந்தப் புள்ள பாத்துக்கும். கெடு என்ற சொல் இவர் வாயிலிருந்து வருகிறது, பஸ் கட்டணம் மாதிரி சாதாரணமாக. அவர்களுக்கும் மனு எழுதுவேன், அவர்களுக்கும் சிவப்பு வரும், அவர்களுக்கு நடந்ததும் இவருக்கு நடந்ததுதானே, இன்னும் அதிகமாகவே வரும். மேடம் சொன்ன பக்குவம் எங்கேயாவது வந்து சேரும் என்று இவ்வளவு நேரம் காத்திருந்தேன் போலிருக்கிறது. வரவில்லை. வாய் தானாகத் திறந்தது. "அம்மா, அவங்க இங்க வர வேண்டாம். டவுனு வக்கீல்கிட்டயே போகச் சொல்லுங்க. நாளைக்கே." "ஏனுங்க." "உங்க கேஸு போடலம்மா."

கையை எடுக்கவில்லை, என் கை மேல் வைத்திருந்த கை அப்படியே இருந்தது, அதனால்தான் மேலே சொல்ல முடிந்தது. எழுதினது சரியில்லை, திரும்பத் திரும்ப எழுதினோம், அதற்குள் கெடு தாண்டிவிட்டது, இனி எந்தக் கோர்ட்டிலும் எடுக்க மாட்டார்கள், தப்பு எங்க மேலதாம்மா. சிவப்பைச் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது, உங்களுக்கு நடந்தது ரொம்பப் பேருக்கு நடந்திருப்பதால் அது உங்களுடையது இல்லை என்று ஒரு மிஷின் சொன்னது என்றா. அவர் திரையைப் பார்த்தார். யாரோ வெள்ளைக்காரப் பெண்ணும் எங்கள் சீனியர் ஒருத்தியும் பனியில் நிற்கிற படம். "எப்பத் தெரியும்" என்றார். "நேத்து." "காலைல பஸ் ஸ்டாண்டுல டீ வாங்கிக் குடுத்தியே. அப்பத் தெரியும்." இவ்வளவு நாளில் முதல் முறையாக என்னை நீ என்கிறார், எனக்கு அது தேவலை என்றிருந்தது, அம்மா அடிப்பதற்கு முன்னால் கூப்பிடுகிற நீ. ஆனால் அவர் அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "இங்கிருந்து இப்பவே போயிரலாம்மா" என்றேன், "நான் கூட்டிட்டுப் போறேன், மேடைக்கு வேண்டாம்". நிஜமாகத்தான் சொன்னேன், எழுந்துகூட விட்டேன், முழங்கால் முன் நாற்காலியில் இடித்தது. டீன் நன்றி என்று முடித்தார். கைதட்டல். மைக்கில் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில், நம் சட்ட உதவி மையத்தின் பயனாளி, திருமதி பாவாயி, அந்தப் பெயரை அவள் பாவை என்று ஆரம்பித்து எங்கேயோ கொண்டுபோய் முடித்தாள். பாவாயியம்மா தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். "கூப்புடறாங்களே" என்றார். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

மேடைப் படியில் கை நீட்டினேன், பிடிக்கவில்லை, தானாகவே ஏறினார். டீன் எழுந்து கைகூப்பினார், இவரும் கூப்பினார், பொன்னாடை போட்டார்கள், அது வழுக்கியது, பிடித்துக்கொண்டார். மேலேயிருந்து பார்த்தால் அரங்கம் முழுக்கப் புதுச் சட்டைகள். பதினெட்டு வயது முகங்கள், ஒவ்வொன்றும் நான் முதல் வருடத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியே, நம்பிக்கொண்டு. மைக்கை இவர் உயரத்துக்கு இறக்கினேன். நேற்றைக்கு முன்தினம் போனில் சொல்லிக்கொடுத்த இரண்டு வரி நன்றியை இவர் சொல்லிவிடுவார் என்று எனக்குள் ஏதோ ஒன்று எதிர்பார்த்தது, கெஞ்சவே செய்தது. "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றார், குரல் தன் சத்தத்துக்கே கொஞ்சம் பயந்தது. "எம் பேரு பாவாயிங்க. மில்லு வேலைக்குப் போயிட்டிருந்தேன். நூல் திருடுனேன்னு கேட்டுல எம் பேர ஒட்டிட்டாங்க. அது கழிவுப் பஞ்சுங்க, கை தொடைக்கறது. கோர்ட்டுல சொல்லலாம்னு இந்தப் புள்ளைங்ககிட்ட வந்தனுங்க. கேஸு போட்டாச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். போடலையாம். நாளு தாண்டிப்போச்சாம். இப்பத்தான் அங்க ஒக்காந்திருக்கறப்ப சொல்லுச்சு. இனி எந்தக் கோர்ட்டுலயும் சொல்ல முடியாதாமா. அதனால இங்கயே சொல்லிக்கறேனுங்க. பெரியவங்க இருக்கீங்க, நீதிபதி ஐயா இருக்காரு. நான் திருடலீங்க." அவ்வளவுதான். நகர்ந்து நின்றுகொண்டார்.

முன் வரிசையில் அந்தத் தமிழ்க்கார அப்பா மகனின் முகத்தைப் பார்த்தார். நீதிபதி ஐயா எந்த ஊர்க்காரரோ, தமிழ் தெரியுமோ தெரியாதோ, எதிரில் இருந்த பூங்கொத்தைச் சரிசெய்தார். மேடம் தூணைவிட்டு இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டார். மற்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள், மலர்ந்த முகத்தோடு, என்ன சொன்னார் இந்த அம்மா என்று, டீன் தலையைச் சாய்த்து, சொல்லுங்கள் நிறைமதி என்றார் ஆங்கிலத்தில். பெயரைச் சரியாக உச்சரித்தார். அவர் என் பெயரைக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. இவர் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் ஆங்கிலம் என்னிடம் இருந்தது, கழிவுப் பஞ்சுக்குக்கூட, எத்தனை முறை எழுதியிருக்கிறேன். முதல் வரியைத் தொடங்கினால் போதும், அடுத்தது தானாக வரும், அவர் பெயர் பாவாயி, அவர் மில்லில் வேலை பார்த்தார், அதைச் சொன்னேன், அந்த இரண்டையும் சரியாகவே சொன்னேன். மூன்றாவது வரிக்கு வாயைத் திறந்தபோது கண்ணுக்குள் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அந்த ஊர் பெயரைச் சொல்லிப் பார்க்கிறார். பாவாயியின் மரியாதைக்காக நாம் போராடுகிறோம், நம் கல்லூரிக்கு மனமார்ந்த நன்றி சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் என் குரல் சொல்லிற்று. தெளிவாக, நல்ல உச்சரிப்போடு, எல்லோரும் சொல்கிற வார்த்தையில்.

அரங்கம் கைதட்டியது. பின் வரிசையில் சிலர் எழுந்து நின்றார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள், டீன் எழுந்தார், நீதிபதி எழ வேண்டியதாயிற்று. பாவாயியம்மா அவ்வளவு பேரையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். மேடையில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பி, மைக்குக்குக் கேட்காமல், "நான் சொன்னத அப்புடியே சொன்னீங்களா கண்ணு" என்றார். ங்க திரும்ப வந்துவிட்டது. "சொன்னேம்மா" என்றேன். "நம்பீட்டாங்களா."

"நம்பீட்டாங்கம்மா."

அவர் பொன்னாடையைத் தோளில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து இன்னொரு தரம் கைகூப்பினார். அவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.